இரண்டு முறை விதவையானவள்!

1

டிர்ர்ர்... டிர்ர்ர்...

ரூப்பிந்தரின் இரண்டு கையிலும் கோதுமை மாவு.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"ஹலோ..."

"ரூப்பிந்தர் கௌர்தானே?" ஒரு பெண் குரல். பின்னால் டிராக்டர் சத்தம். ஊரிலிருந்துதான்.

"ஆமா. யாரு?"

"கோட்லி போலீஸ் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் தல்பீர் கௌர் பேசறேன். எங்கேயாவது உக்காந்துக்குங்க பெஹன்ஜி."

"பரவாயில்லை, சொல்லுங்க."

"உங்க புருஷன் செத்துட்டார்."

ரூப்பிந்தர் நிமிர்ந்து பார்த்தாள்.

எதிரே, சமையலறை மேஜையில், அவள் புருஷன் முள்ளங்கிப் பராட்டாவைத் தயிரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்!

"எந்தப் புருஷன்?" என்று கேட்கத்தான் நாக்கு எழுந்தது. எழுந்த நாக்கை அப்படியே மடக்கிப் போட்டுக்கொண்டாள்.

"யாரு ரூப்பி?" என்றான் ஹர்கீரத், மெல்லுவதை நிறுத்தாமல்.

"ஊர்லேர்ந்து. சித்தி வீட்டுல..."

போனோடு பின்கட்டுக்கு நகர்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பிராம்ப்டன் தெரு முழுக்கப் பனி. லாரிகள் வெள்ளைப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றன.

"தேஜ்பால் சிங்," என்றாள் இன்ஸ்பெக்டர். "நேத்து, திங்கட்கிழமை, கால்வாய்ல கிடைச்சார். பின்மண்டையில அடி. தானா விழுந்து வர்ற அடி இல்லை அது. அவர் போன்ல ஒரே ஒரு நம்பர்தான் இருந்துச்சு. ‘வீடு’ன்னு போட்டு வச்சிருந்தார். அடிச்சா கனடாவுல நீங்க எடுக்கறீங்க!"

ரூப்பிந்தரின் வாய் தானாகத் திறந்தது. ஆறு வருஷமாகப் பழக்கி வைத்த வாய்.

"அவர் செத்து ஆறு வருஷம் ஆச்சுங்களே..."

"இங்கேயும் எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஆனா ஞாயித்துக்கிழமை டீக்கடையில டீ குடிச்சிருக்கார். சர்க்கரை கம்மின்னு சண்டை வேற போட்டிருக்கார்! பாருங்க பெஹன்ஜி. கேக்க ஆள் இல்லாத பொணம்னா மூணு நாள்தான் வச்சிருப்பாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் முனிசிபாலிட்டி வண்டி வரும். அதுக்குள்ள யாராவது வந்து ‘இவர் என் ஆளு’ன்னு சொன்னா ஒழுங்கா எரிக்கலாம். இல்லைன்னா... நாய்க்கும் இவருக்கும் ஒரே வண்டி."

லைன் அறுந்தது.

ரூப்பிந்தர் திரும்பி வந்தாள். அடுத்த பராட்டாவைத் தட்டினாள். கல்லில் போட்டாள். சரியான நேரத்தில் திருப்பிப் போட்டாள். கருகவில்லை.

கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

எப்படி வரும்? தேஜ்பாலுக்காக அவள் ஏற்கெனவே ஒருமுறை அழுதாயிற்று.

போட்டோகிராபர் கேட்டுக்கொண்டபடி... வெளிச்சம் நன்றாக விழுந்த இடத்தில் உட்கார்ந்து!

2

ஆறு வருஷத்துக்கு முன்னால்.

கோட்லி பஸ் ஸ்டாண்டுக்கு மாடியில் ஏஜென்ட் டிம்பியின் ஆபீஸ். சுவரெல்லாம் மேப்பிள் இலை.

ரூப்பிந்தர். அவள் புருஷன் தேஜ்பால். தேஜ்பாலின் தம்பி மக்கன். மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

திட்டம் அந்தப் பக்கத்தில் பாதி வீட்டில் போட்ட திட்டம்தான். ரூப்பிந்தர் ஒரு கனடாக்காரனைக் கட்டிக்கொண்டு போக வேண்டியது. அங்கே காகிதம் பக்காவானதும் அவனைக் கழற்றிவிட வேண்டியது. அப்புறம் தேஜ்பாலை வரவழைத்துக்கொள்ள வேண்டியது.

"அப்போ டிவோர்ஸுக்கு எழுதிப் போட்டுடலாம்," என்றான் தேஜ்பால்.

"டிவோர்ஸா?" டிம்பி முகத்தைச் சுளித்தான். "ஒரு வருஷம் இழுக்கும் பாஜி! அதுவும் விசா ஆபீசர் மூக்கை நுழைப்பான். ‘ஏன் பிரிஞ்சீங்க, எப்போ சண்டை, இப்பவும் பேசறீங்களா’ன்னு தோண்டித் தோண்டிக் கேப்பான். விதவைன்னு வைங்க... வாயே திறக்க மாட்டான். டிஷ்யூ பேப்பரை நீட்டிட்டு, சீல் அடிச்சு அனுப்பிடுவான்!"

"அதுக்கு நான் சாகணுமே!"

"காகிதத்துலதானே பாஜி? வலிக்காது!"

நால்வரும் சிரித்தார்கள்.

அந்த அறையில் நாலு பேர் இருந்தார்கள், கண்ணுகளா. நாலு பேருக்கும் மூளை இருந்தது. ஆனால் செத்தவனுக்கு விசா தர மாட்டார்கள் என்று அந்த நாலு மூளையில் ஒன்றுக்கும் தோன்றவில்லை!

ஒரு டாக்டர் சீட்டு. மாரடைப்பு. வயது முப்பத்தொன்று. கீழே, ‘என் கணவர் என் கண் முன்னால் இறந்தார்’ என்று ரூப்பிந்தரின் பிரமாணப் பத்திரம்.

பத்திரம் மட்டும் போதாது என்றான் டிம்பி. ஃபைலில் போட்டோ வேண்டுமாம். பத்தாம் நாள் போக் போட்டோ. ஊரே வந்து கடைசிப் பிரார்த்தனை செய்து, வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுப் போகும் நாள்.

குருத்வாராவில் வைத்து இந்த நாடகத்தை நடத்த யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அந்தப் பயம் மட்டும் மிச்சம் இருந்தது. மக்கனின் கரும்புத் தோட்டத்தில் ஷாமியானா போட்டார்கள். மாலை போட்ட படம். தரையில் விரிப்பு. பக்கத்து ஊரிலிருந்து டிராக்டரில் ஏற்றி வந்த நாற்பது பேர். ரூப்பிந்தருக்கு வெள்ளைத் துப்பட்டா.

நாற்பது பேருக்குப் பரிமாற ஆள் போதவில்லை.

தேஜ்பால் ஒரு துண்டை எடுத்தான். வாயையும் மூக்கையும் சுற்றிக் கட்டினான். தால் வாளியைத் தூக்கிக்கொண்டான். தன் சாவு விருந்தைத் தானே பரிமாறிக்கொண்டு வந்தான்!

ரூப்பிந்தர் முன்னால் குனிந்தான்.

"பாவம், சின்ன வயசு. நல்ல மனுஷன்," என்றான் கிசுகிசுப்பாக. "கொஞ்சம் தால் ஊத்தட்டுமா விதவையம்மா? உப்புதான் கம்மி. என் சாவுக்கு ஒரு உருப்படியான சமையல்காரன் கிடைக்கலை பாரு!"

ரூப்பிந்தர் துப்பட்டாவை முகத்தில் அமுக்கிக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள்.

"அப்படியே இருங்க பாபிஜி!" கத்தினான் போட்டோகிராபர். "தோள் குலுங்கறது பிரமாதமா வருது!"

க்ளிக்!

ஃபைலில் அதுதான் முதல் படம்.

3

ஹர்கீரத் நல்லவன்.

அதுதான் இந்தக் கதையிலேயே கஷ்டமான விஷயம்.

லாரி டிரைவர். முதல் மனைவியைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவன். தன்னைப் போலவே ஒரு ஜீவன் என்று நம்பித்தான் ரூப்பிந்தரைக் கட்டிக்கொண்டான். ஹாலில் இரண்டு படம் மாட்டினான். ஒன்று அவன் மனைவி. இன்னொன்று... தேஜ்பால்!

"வேண்டாமே," என்றாள் ரூப்பிந்தர் அப்போது.

"இருக்கட்டும் ரூப்பி. செத்தவங்க மனசு நோகக் கூடாது."

லாரியிலிருந்து வரும் நாளிலெல்லாம் இரண்டு படத்தையும் அவனே துடைப்பான். மாலை மாற்றுவான்.

அவன் வெளியூர் போகும் நாளில், அதே படத்துக்குக் கீழே சோபாவில் உட்கார்ந்துதான் ரூப்பிந்தர் தேஜ்பாலோடு போனில் பேசுவாள்.

இரண்டு வருஷம் என்று நினைத்தது ஆறு வருஷமாயிற்று. இவனைக் கழற்றிவிட மனம் வரவில்லை. அவனை மறக்கவும் வரவில்லை. நடுவில் எங்கேயோ அவளுக்கு எல்லாம் மரத்துப்போனது. பல் பிடுங்கும்முன் ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அந்த மாதிரி. இருக்கிறது. ஆனால் இல்லை.

போன மாதம் தேஜ்பால் வேறு குரலில் பேசினான்.

"ரூப்பி, என்னால முடியலை. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனா கார்டு கேக்கறான். கார்டு போட்டா செத்துட்டேன்னு காட்டுது. நிலமெல்லாம் மக்கன் பேருக்குப் போயிடுச்சு. திருப்பி எழுதுடான்னா, ‘செத்தவனுக்கு எதுக்கு அண்ணா நிலம்’னு சிரிக்கறான். நான் உயிரோட இருக்கேன்னு தாசில்தார்கிட்ட மனு குடுத்துட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"‘நீ செத்தேன்னு எழுதிக் குடுத்தவங்களே வந்து இல்லைன்னு சொல்லணும்’கறாங்க. ஒரே ஒரு தடவை வந்து சொல்லிட்டுப் போ ரூப்பி."

"குடியுரிமை உறுதிமொழிக்குத் தேதி குடுத்திருக்காங்க. ஒரு மாசம். அது முடியட்டும். இப்போ வந்து சொன்னா என்னைத் தூக்கி வெளியே போட்டுடுவாங்க. ஒரே ஒரு மாசம் பொறுங்க..."

தேஜ்பால் போனை வைத்துவிட்டான்.

இன்று செவ்வாய். உறுதிமொழிக்குப் பதினோரு நாள் இருந்தது.

ரூப்பிந்தர் தேஜ்பாலின் எண்ணை அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தாள். அதே.

மூன்றாவது முறை அடிக்குமுன் போன் தானே அலறியது.

மக்கன்!

"பாபி! சத் ஸ்ரீ அகால்! போலீஸ் உன்கிட்டயும் பேசிச்சாமே?" அண்ணியை அவன் அழைப்பது ‘பாபி’ என்றுதான்.

"மக்கன்... அவர் நிஜமாவே..."

"யாரு பாபி?"

"உன் அண்ணன்!"

"அண்ணனா? அண்ணன் போய் ஆறு வருஷம் ஆச்சே! நீயே எழுதிக் குடுத்தியே, ‘என் கண் முன்னால் இறந்தார்’னு. மறந்துட்டியா?" குரலில் வெண்ணெய் வழிந்தது. "யாரோ ஒரு பொணம் பாபி. கால்வாய்னா நாலு வரும். நீ ஏன் கஷ்டப்படறே? உறுதிமொழி எடு. கொடியை ஆட்டு. போட்டோ அனுப்பு, ஊருக்கெல்லாம் லட்டு குடுக்கறேன்."

"மக்கன்... நீதானே?"

"வராதே பாபி," என்றான். வெண்ணெயைக் காணோம்!

4

வியாழக்கிழமை காலை.

கோட்லி ஸ்டேஷனைப் பனிமூட்டம் விழுங்கியிருந்தது. வாசல் பல்பு மட்டும் ஆரஞ்சுச் சுளை மாதிரி தொங்கியது.

‘சித்தி சாகக் கிடக்கறாங்க’ என்று சொல்லித்தான் விமானம் ஏறியிருந்தாள். ஹர்கீரத் தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி அவள் கையில் மாட்டி அனுப்பினான். இன்னும் அதைத்தான் போட்டிருந்தாள்.

உள்ளே இன்ஸ்பெக்டர் தல்பீர் கௌர். கனத்த உடம்பு. எதிரே நாற்காலியில் மக்கன், காலாட்டிக்கொண்டு. மூலையில் ஸ்டேஷன் எழுத்தர், முன்ஷிஜி, காதில் பேனாவோடு.

"வந்துட்டாங்களே எங்க பாபி!" எழுந்தான் மக்கன். "மேடம், நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இவங்களையே கேளுங்க!"

"உக்காருடா," என்றாள் தல்பீர். "பொணத்தை வந்து பாருடான்னா, ‘எங்க அண்ணனை அப்பவே எரிச்சாச்சு’ன்னு வாசல்லயே நின்னுட்டு ஓடினவன்தானே நீ? பெஹன்ஜி, டீ?"

"வேண்டாம். அவரைப் பாக்கணும்."

"பாக்கலாம். சிவில் ஆஸ்பத்திரியில இருக்கார். ஆனா முதல்ல ஒரு விஷயம். நீங்க அவருக்கு யாரு?"

ரூப்பிந்தர் கையுறையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"சிம்பிளான கேள்விதான். பொண்டாட்டின்னா உள்ளே விடலாம். ஆனா தேஜ்பாலோட பொண்டாட்டி ஆறு வருஷம் முன்னாடியே விதவையாயி, கனடாவுல வேற கல்யாணமும் ஆயிடுச்சு. அப்போ இங்கே நிக்கிறது யாரு?"

மக்கன் ‘ஹிஹி’ என்றான்.

தல்பீர் மேஜை இழுப்பறையிலிருந்து ஓர் ஆல்பத்தை எடுத்துப் போட்டாள்.

"இது உங்க கொழுந்தன் கொண்டாந்து குடுத்தது. அண்ணன் செத்ததுக்கு ஆதாரமாம். எவ்வளவு பொறுப்பான தம்பி பாருங்க! இறப்புச் சான்றிதழ், உங்க பத்திரம், போதாததுக்குப் போக் போட்டோ முப்பத்தாறு!"

பக்கங்களைப் புரட்டினாள். ஒன்றில் விரல் நின்றது.

"இது யாரு?"

ரூப்பிந்தர் பார்த்தாள்.

வெள்ளைத் துப்பட்டாவில் அவள். தோள் குலுங்கியபடி. அவளுக்கு முன்னால் வாளியோடு குனிந்திருக்கும் ஒருவன். முகத்தில் துண்டு. துண்டுக்கு மேலே இரண்டு கண். அந்தக் கண்களின் ஓரத்தில் சிரிப்பு, மூட்டை மூட்டையாக!

"பரிமாறற ஆளு மேடம்," என்றான் மக்கன் அவசரமாக. "எங்க பெரியம்மா பையன். துபாய்ல இருக்கான்."

"அட! பெரியம்மா பையன் கண்ணும், மாலை போட்டு வச்சிருக்கீங்களே, அந்தப் படத்துல இருக்கற கண்ணும் ஒரே கண்ணு! செத்தவன் தன் போக்ல தானே தால் ஊத்தறதை இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்ல இப்பத்தான் பாக்கறேன்!"

"ஒரு கண்ணை வச்சுக் கேஸ் போட முடியுமா மேடம்?"

"முடியாது," என்றாள் தல்பீர் சாந்தமாக. "அதனாலதான் உன்னைக் காலாட்ட விட்டிருக்கேன். முன்ஷிஜி, இவனை வெளியே பெஞ்சுல உக்கார வைங்க. ஆட்டட்டும், நல்லா."

மக்கன் போகும்போது குனிந்தான். ரூப்பிந்தரின் காதருகே ஒரு வார்த்தை.

"பதினோரு நாள் பாபி... இப்போ ஒன்பது."

கதவு சாத்திக்கொண்டது.

தல்பீர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். குரல் மாறியது.

"அடிச்சது அவன்தான். கால்வாய்க் கரையில பாத்தவங்க ரெண்டு பேர் இருக்காங்க. கம்பியும் கிடைச்சாச்சு. ஆனா நான் எஃப்.ஐ.ஆர்.ல என்னன்னு எழுதுவேன்? ‘தேஜ்பாலைக் கொல்லப் பாத்தான்’னு எழுதினா, அவன் வக்கீல் உங்க பத்திரத்தைத் தூக்கிப் பிடிப்பான். ‘யுவர் ஆனர், செத்தவனை எப்படிக் கொல்றது?’ன்னு கேப்பான். அவனைக் காப்பாத்தறது வக்கீல் இல்லை பெஹன்ஜி. உங்க கையெழுத்து."

"நான் இப்போ அது பொய்னு எழுதினா?"

"அவன் உள்ளே போவான்." விரல் மடக்கினாள். "நீங்களும் போவீங்க. பொய்ப் பத்திரம். கனடா தூதரகத்துக்கு நானே லெட்டர் போடணும். உங்க உறுதிமொழி, உங்க கார்டு, அந்த ஊர்க் கல்யாணம், எல்லாம் காத்துல போகும். ஒளிக்காம சொல்லிடறேன்."

"எழுதலைன்னா?"

"இப்படியே ஏர்போர்ட்டுக்குப் போகலாம். யாரும் தடுக்க மாட்டாங்க."

ரூப்பிந்தர் கையுறைக்குள் தன் விரல்களை அசைத்துப் பார்த்தாள். அசைந்தன. யாருடைய விரல்களோ மாதிரி.

"ஒரு போன் பண்ணிக்கலாமா?" என்றாள்.

5

"ரூப்பி! போய்ச் சேந்துட்டியா? இங்கே செம பனி. வண்டியை ஓரம் கட்டிட்டு உக்காந்திருக்கேன். சித்தி எப்படி இருக்காங்க?"

"சித்தி நல்லா இருக்காங்க. சித்திக்கு ஒண்ணுமே ஆகலை."

"அப்போ..."

"தேஜ்பால் செத்துட்டார்."

"தெரியுமே ரூப்பி," என்றான் ஹர்கீரத் மென்மையாக. ஊர் மண்ணை மிதித்ததும் பழைய துக்கம் வந்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். "ஆறு வருஷம் ஆச்சு..."

"இல்லை. திங்கட்கிழமை."

வைப்பர் ஓடும் சத்தம் கேட்டது. சரக்... சரக்... சரக்...

"நான் மாலை மாத்துவேனே. அப்போ..."

"உயிரோடதான் இருந்தார்."

"நீ விதவை இல்லையா?"

"இல்லை."

சரக்... சரக்...

"நான் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கேன் ரூப்பி. உனக்குத் தெரியாது. நம்ம கல்யாணத்தன்னிக்குப் படத்து முன்னாடி நின்னு, ‘உங்க பொண்டாட்டியை நான் நல்லா வச்சுக்கறேன் பாஜி, கோவிச்சுக்காதீங்க’ன்னு..."

"திட்டுங்க. ஏதாவது சொல்லித் திட்டுங்க."

"வரலையே."

சரக்... சரக்...

"ரூப்பி... ஃப்ரிட்ஜ்ல பராட்டாவுக்கு மாவு பிசைஞ்சு வச்சிட்டுப் போனியே. அது எத்தனை நாள் தாங்கும்?"

"ரெண்டு நாள்."

"அப்போ இந்நேரம் கெட்டுப் போயிருக்கும்."

"ஆமா."

"சரி. வீட்டுக்குப் போனதும் கொட்டிடறேன்."

அவ்வளவுதான். லைன் அறுந்தது.

ரூப்பிந்தர் கையுறையைக் கழற்றினாள். மடித்தாள். கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

மதியம் இரண்டு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால் நின்றாள்.

"யாராவது மிரட்டி வந்தீங்களாம்மா?"

"இல்லைங்க."

"இதைச் சொல்றதால உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியுங்க. தேஜ்பால் சிங் என் புருஷன். ஆறு வருஷத்துக்கு முன்னால அவர் சாகலை. செத்தார்னு நான் எழுதிக் குடுத்தது பொய். போட்டோவுல தால் ஊத்தறது அவர்தான். அவர் உயிரோட இருந்தார். போன மாசம்கூட என்கிட்ட பேசினார். ஒரு உதவி கேட்டார். நான் செய்யலை."

குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. அறிவிப்புப் பலகையைப் படிப்பது மாதிரி படித்து முடித்தாள்.

கையெழுத்து. ஒன்று... இரண்டு... மூன்று...

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும், வெளியே பெஞ்சில் இன்னும் காலாட்டிக்கொண்டிருந்த மக்கனின் கையில் ‘சடக்’கென்று விலங்கு விழுந்தது.

"மேடம்! பாபி! பாபி, பைத்தியமா உனக்கு? உனக்கும்தானே கனடா போச்சு!"

ரூப்பிந்தர் அவனைக் கடந்து நடந்தாள். திரும்பவில்லை.

6

ஜீப் சிவில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது.

பிணவறை பின்பக்கம். ரூப்பிந்தருக்குத் தெரியும். மாமனாரை அங்கிருந்துதான் வாங்கி வந்தார்கள்.

ஜீப் முன்பக்கமே நின்றது!

"இறங்குங்க," என்றாள் தல்பீர்.

"பின்னாடி இல்லையா?"

"இறங்குங்க பெஹன்ஜி."

படி. வராந்தா. டெட்டால் வாசனை. ஆண்கள் வார்டு. கடைசிக் கட்டில். தலையில் பெரிய கட்டு. இடது கையில் மாவுக்கட்டு. கட்டிலுக்கு மேலே தொங்கிய அட்டையில் ‘பெயர் தெரியாதவர்’ என்று எழுதியிருந்தது.

பெயர் தெரியாதவர் கண் திறந்து அவளைப் பார்த்தார்.

"ரூப்பி..."

ரூப்பிந்தர் நின்ற இடத்திலேயே நின்றாள். அப்புறம் மெல்லக் கட்டிலின் கால்பக்கம் போனாள். போர்வையை விலக்கினாள். பாதத்தைத் தொட்டாள்.

சூடு!

"பொய் சொல்லி வரவழைச்சீங்களா?" திரும்பாமலேயே கேட்டாள்.

"பின்னே?" என்றாள் தல்பீர். "கால்வாய்லேர்ந்து தூக்கினப்போ மூச்சு இருந்துச்சு. ஆனா பேர் எழுத முடியலை, கேஸ் போட முடியலை. இவர் உயிரோட இருக்கார்னு இவரே சொன்னா செல்லாதாம், நீங்க சொன்னாதான் செல்லுமாம். சரி, உயிரோட இருக்கார்னு சொன்னா நீங்க வரப் போறதில்லைன்னு இவரே சொன்னார். அதான்..."

"நீங்க போலீஸ்! போன்ல செத்துட்டார்னு சொன்னீங்களே!"

"காகிதத்துல எழுதினாதான் பெஹன்ஜி பொய். வாயால சொன்னா அதுக்குப் பேர் விசாரணை!"

தேஜ்பால் எழுந்து உட்காரப் பார்த்தான். முடியவில்லை.

"உயிரோட கேட்டேன் ரூப்பி," என்றான். "ஒரு மாசம் பொறுன்னே. செத்தேன்... மூணு நாள்ல வந்துட்டே."

பளார்!

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்தாள்.

"ஐயோ! தலையில பதினாலு தையல் போட்டிருக்கும்மா!"

"தலையில அடிக்கலை. கன்னத்துலதான்," என்றாள் ரூப்பிந்தர்.

உள்ளங்கை எரிந்தது. குனிந்து அதைப் பார்த்தாள். சிவந்திருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவளுக்கு வலித்த முதல் இடம் அதுதான்.

தேஜ்பால் கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான்.

"கனடா போச்சா ரூப்பி?"

"போச்சு."

"அந்த மனுஷன்?"

ரூப்பிந்தர் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அவரைப் பத்தி நீங்க பேசாதீங்க," என்றாள். "இன்னிக்கு இல்லை. என்னிக்குமே."

தல்பீர் தொண்டையைக் கனைத்தாள்.

"குடும்ப விவகாரம் முடிஞ்சுதா? தேஜ்பால் சிங், வாழ்த்துகள். இன்னிக்கு மதியம் ரெண்டே கால் மணியிலேர்ந்து நீங்க சட்டப்படி உயிரோட இருக்கீங்க."

"ரொம்ப நன்றி மேடம்! ஆறு வருஷமா..."

"அதனால உங்களைக் கைது பண்றேன்."

"எ... என்னையா? அடி வாங்கினவனே நான்தானே!"

"செத்த மாதிரி நடிச்சு, சான்றிதழ் வாங்கி, அரசாங்கத்தை ஏமாத்தினது யாரு? தால் வாளியோட போட்டோ இருக்கு. இத்தனை நாள் செத்துப் போயிருந்தீங்க, பிடிக்க முடியலை. இப்பத்தானே கிடைச்சீங்க!" வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ரெண்டு கான்ஸ்டபிளை இந்தக் கட்டில்கிட்ட போடுங்க. டிம்பியைத் தேடி இன்னொரு ஜீப் போகட்டும். பெஹன்ஜி, நீங்க வராந்தாவுக்கு வாங்க. உங்க காகிதத்தையும் முடிச்சுடலாம்."

வராந்தாவில் ஒரு பெஞ்ச். முன்ஷிஜி காதிலிருந்து பேனாவை எடுத்தார். கைதுக் குறிப்பை மடியில் விரித்தார்.

"பேரு?"

"ரூப்பிந்தர் கௌர்."

"குற்றம்... பொய்ப் பத்திரம்... சரி." எழுதிக்கொண்டே போனார். "உங்களைக் கைது பண்ணின விஷயத்தைச் சொந்தக்காரங்க யாருக்காவது சொல்லியாகணும்மா. அது சட்டம். யாருக்குச் சொல்ல?"

ரூப்பிந்தர் யோசித்தாள். பனிமூட்டம் விலகி, வராந்தாவின் விளிம்பில் கொஞ்சம் வெயில் வந்து உட்கார்ந்திருந்தது.

"என் புருஷனுக்கு," என்றாள். "தேஜ்பால் சிங்."

முன்ஷிஜி பேனாவால் தலைப்பாகை ஓரத்தைச் சொறிந்தார்.

"அவரு உள்ளேதானேம்மா கைதாகிப் படுத்திருக்காரு? அவருக்கு எப்படி நான் தகவல் அனுப்பறது?"

"இங்கேயிருந்தே கத்திச் சொல்லிடுங்க முன்ஷிஜி!" என்றாள் ரூப்பிந்தர். "கொஞ்சம் பலமாவே கத்துங்க... பொண்டாட்டி சொன்னாத்தான் உயிரோட இருக்கற ஆளு அவரு!"